பதினோராவது நீலத் தாள்

கிட்டாரின் மேல்பலகை எப்படிப் பாடுகிறது என்று யாராவது கேட்டால் நான் அரை மணி நேரம் பேசுவேன். என் மகள் செலெஸ்ட் தன் தோழிகளை வீட்டுக்கு அழைத்து வரும்போதே, "அம்மாகிட்ட அதப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க" என்று சொல்லித்தான் உள்ளே விடுவாள். ஆனால் கேட்க வேண்டியவர்கள் யாரும் என்னைக் கேட்டதில்லை. பட்டறைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒடெட்டைத்தான் கேட்டார்கள்.

ரோட் ஐலண்டில், பிரிஸ்டல் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் பழைய ரப்பர் ஆலையின் இரண்டாம் மாடியில் எங்கள் பட்டறை இருந்தது. முதலாளி தேயர் அதற்கு முன்னால் பந்தயப் படகுகளுக்குக் கார்பன் நாரில் பாய்மரம் செய்துகொண்டிருந்தவர். படகு வேலை வராத ஒரு குளிர்காலத்தில், மீந்துபோன துணியை வைத்து ஒரு கிட்டார் செய்து பார்த்தார். மரக் கிட்டார் கடற்காற்றில் உப்பிவிடும், வெயிலில் வெடித்துவிடும், ஒரு வாரம் படகில் கிடந்தால் சுருதி நிற்காது. இது நின்றது. அப்படித் தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஓடியது.

மூடும்போது நாங்கள் நான்கு பேர் இருந்தோம். தேயர், துணி அடுக்குகிற நான், அடுக்கியதை ஓவனில் வேகவைக்கிற ஆர்மாண்ட், கடைசியில் குதிரையை ஒட்டிக் கம்பி மாட்டுகிற ஒடெட். குதிரை என்பது மேல்பலகையின் மீது நின்றுகொண்டு கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொள்ளும் கட்டை. அசோர்ஸ் தீவிலிருந்து வந்த என் அப்பாவின் போர்ச்சுகீசிலும் அது குட்டிக் குதிரைதான்.

ஒடெட் என் மகளுக்கு ஞானத்தாய், ஞானஸ்நானத்தில் அவளை ஏந்தியவள். அதனால் அவளுக்கு நான் கொமாத்ரே, எனக்கு அவள் கொமாத்ரே. எங்கள் ஆட்களிடையே அந்த உறவு வந்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைந்துபோகும். சண்டை போடும்போதுகூடக் கொமாத்ரேதான்.

என் வேலையைச் சொல்கிறேன். மரப்பலகையில் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் பலகை நீளவாக்கில் விறைப்பாகவும் குறுக்குவாக்கில் இளக்கமாகவும் இருக்கும். இந்த விறைப்பும் இளக்கமும் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதுதான் அந்தப் பலகையின் குரல். மரத்தில் அதை மரமே முடிவு செய்துவிடுகிறது. கார்பனில் நான் முடிவு செய்தேன். பிசின் ஏற்றிய கறுப்புத் துணி சுருளாக வரும். ஒரு துண்டை அச்சில் நேராக விரிப்பேன், அடுத்ததைச் சற்றுச் சாய்த்து விரிப்பேன், அதன் மேல் இன்னொன்று. முழு அளவுத் துண்டுகள் நான்கு. குதிரை நிற்கப்போகும் இடத்திலும் ஒலித்துளையைச் சுற்றியும் பலத்துக்காகச் சின்னச் சின்ன ஒட்டுகள் ஏழு. மொத்தம் பதினொன்று. எந்தத் துண்டு எத்தனை டிகிரி சாய்கிறதோ, குரல் அந்தப் பக்கம் போகும்.

ஆறு வருடம் முன்பு ஒருநாள் நான்காம் அடுக்கை ஏழு டிகிரி திருப்பி வைத்துப் பார்த்தேன். தேயரிடம் சொல்லவில்லை. சொன்னால் துணி வீண் என்பார். மூன்று வாரம் கழித்து அந்தக் கிட்டார் ஒடெட்டின் மேசைக்குப் போய்க் கம்பி ஏறியது. அன்றைக்கு ஏதோ காரணத்தால் நான் வீட்டுக்குக் கிளம்பத் தாமதமாகியிருந்தது. அவள் ஒரு மீட்டு மீட்டிவிட்டு, "மாதாவே, இதுக்குத் தொண்டை இருக்கு!" என்று கத்தினாள். எல்லாரும் ஓடினோம்.

"என்ன பண்ணின ஒடெட்?" என்றார் தேயர்.

"நான் என்னத்தப் பண்ணினேன், கம்பிதான மாட்டினேன்" என்று சிரித்தாள்.

அது உண்மை. ஆனால் அவள் சொன்ன அழகில், செய்ததெல்லாம் அவள்தான், அடக்கத்தால் மறைக்கிறாள் என்று ஆகிவிட்டது. மறுநாள் நான் தேயரிடம் போய் என் ஏழு டிகிரியைச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். அன்றிலிருந்து எல்லாப் பலகையும் ஏழு டிகிரி. பிறகு ஒரு இசைப் பத்திரிகையில் எங்களைப் பற்றி இரண்டு பக்கம் வந்தது. தலைப்பு, 'ஒடெட் ரபோசோவின் காது'. தேயர் அதை வெட்டி ஓவன் கதவில் ஒட்டினார். காபி எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அந்தக் காதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. முயன்று பார்த்தேன். கத்திக்கும் பசைத்துணிக்கும் பழகிய விரல்கள், கம்பியை அமுக்கினால் அது கழுத்தைப் பிடித்த கோழி மாதிரிக் கத்தும். இன்னொன்றும் உண்டு. பிசின் குளிர்ச்சியில்தான் சொன்னபடி கேட்கும் என்பதால் நான் காலை ஆறு மணிக்கு வந்து இரண்டரைக்குப் போய்விடுவேன். கம்பி மாட்டுவது பிற்பகல் வேலை. ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மேல்பலகை அடுக்கியிருக்கிறேன். அவற்றில் நாற்பதின் குரலைக் கேட்டிருந்தால் அதிகம். என் மேசையிலிருந்து அவை கறுப்பாக, ஊமையாகப் போகும். பேசத் தொடங்குவது அவள் மடியில்.

செப்டம்பரில் தேயர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அந்த மெல்லிசுத் துணியைச் செய்கிற ஆலை இனிச் சின்னச் சுருள் தராதாம், வாங்கினால் விமானக் கம்பெனி வாங்குகிற அளவில் வாங்க வேண்டுமாம். ரப்பர் ஆலையைக் குடியிருப்பாக மாற்றப்போகிறார்கள். அவருக்கும் தோள் தேய்ந்துவிட்டது. கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு அக்டோபர் கடைசியில் மூடுகிறோம்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையை விட்டுப் போகிறவருக்கு ஒரு கிட்டார். ஆனால் அதில் அவர் கை படக்கூடாது, மற்றவர்கள்தான் செய்து தர வேண்டும். அப்படி எட்டுப் பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள். இப்போது நான்கு பேரும் ஒரே நாளில் போகிறோம்.

"மேல்பலகைத் துணி இன்னும் ஒரே ஒரு கிட்டாருக்குத்தான் இருக்கு" என்றார் தேயர். "எனக்கு வேண்டாம், முதல் கிட்டார் என்கிட்ட இருக்கு. ஆர்மாண்ட், உனக்கு?"

"பத்தொம்பது வருஷமா இங்க கேட்டது போதாதா? வீட்லயும் வந்து கத்தணுமா?"

"சரி, அப்ப ஒடெட்டுக்கு." பிறகுதான் அவருக்கு நான் இருப்பது நினைவு வந்ததுபோல, "நீதான் வாசிக்கமாட்டியே இடலினா, இல்ல?"

"வாசிக்கமாட்டேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? வாசிக்கத் தெரியாதவள் எதற்குக் கேட்கிறாள் என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. எதையும் விளக்கிவிடுகிறவள் நான்.

ஒடெட் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கொமாத்ரே, என்னோடத நீதான் அடுக்கணும். வேற யாரையும் விட்டுடாத."

"வேற யாரு இருக்கா இங்க?"

"அதான, வேற யாரு இருக்கா!" என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று வீட்டில் கேல் கீரை சூப்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன்.

அந்தத் துணி ஃப்ரீசரில் இருக்கும். வெளியே வைத்தால் பிசின் தானாகவே மெல்ல இறுகத் தொடங்கிவிடும். பயன்படுத்த வேண்டிய நாளுக்கு முந்திய மாலை எடுத்து, உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட வேண்டும். ஐஸ் தண்ணீர்ப் பாட்டிலின் மேல் வியர்க்கிறதல்லவா, அதுபோலக் குளிர்ந்த துணியை உடனே பிரித்தால் அதன் மேல் வியர்த்துவிடும். அந்த நீர் உள்ளே மாட்டினால் ஓவனில் கொப்புளம் கட்டும். இதையெல்லாம் நான் அந்த முறையும் ஒழுங்காகச் செய்தேன். செவ்வாய் காலை ஆறு மணிக்குத் துணி அறைச் சூட்டுக்கு வந்திருந்தது. பதினொரு துண்டுகளை வெட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு துண்டின் முதுகிலும் ஒரு நீல பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், ஸ்டிக்கரின் பின்னால் இருப்பதுபோல. துண்டை அச்சில் வைத்து, தேய்த்து, அந்தத் தாளை உரித்துவிட்டுத்தான் அடுத்த துண்டை வைக்க வேண்டும். உரிக்க மறந்தால் தாள் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிடும். எதுவும் தன்னோடு ஒட்டாதபடி செய்யப்பட்ட தாள் அது. ஆகவே அந்த இடத்தில் மேலடுக்கும் கீழடுக்கும் என்றைக்கும் சேராது. இந்தத் தொழிலில் எல்லாரும் பயப்படுகிற தவறு இது ஒன்றுதான். அதற்காகவே, உரித்த தாள்களைக் கதவருகே இருக்கும் வெள்ளைப் பலகையில் வரிசையாக ஒட்டுவோம். முடித்ததும் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அந்தத் தாள்கள் ஒரு கவரில் போய், கிட்டார் விற்கும்வரை அதன் வேலைச் சீட்டோடு இருக்கும்.

ஏழாவது துண்டு வைக்கும்போது ஒடெட் வாசலில் வந்து நின்றாள். வழக்கப்படி அவள் அங்கே வந்திருக்கவே கூடாது.

"நான் ஒண்ணையும் தொடலப்பா, வெறும் கண்ணாலதான் பாக்கறேன்" என்றாள். கையில் காபி. "கொமாத்ரே, அந்த நாலாவதை ஒரு எட்டு டிகிரியா வெச்சியா? எனக்குக் கீழ்சுருதி கொஞ்சம் கனமா வேணும்."

"ஏழுதான்."

"எட்டு வெச்சா என்ன ஆகும்?"

"எட்டு வெச்சா அது ஏழு இல்ல."

"அடேயப்பா! என்ன கோவம்!" அவள் அங்கேயே சாய்ந்து நின்று பாடத் தொடங்கினாள். பரிசுத்த ஆவித் திருவிழாவில் மண்டபத்தில் அவள் வாசிக்கும்போது ஊரே சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும் அந்த ராகம். அந்தப் பாட்டை எனக்குப் பிடிக்கும், அதுதான் தாங்கமுடியாதது. நான் ஒட்டுகளை வைத்துக்கொண்டே போனேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. உருளையால் தேய்த்து முடித்தேன்.

ஆர்மாண்ட் எண்ண வந்தான். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவான். "பத்து" என்றான்.

நானும் எண்ணினேன். பத்து.

"என்ன, கணக்கு உதைக்குதா?" என்றாள் வாசலில் இருந்தவள்.

தாள் உள்ளே போனது வேண்டுமென்று செய்ததில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம். அந்த நொடியில் அதைச் சரிசெய்யவும் முடிந்திருக்கும். அச்சோடு ஃப்ரீசரில் இருபது நிமிடம் வைத்தால் பிசினின் பிசுபிசுப்பு போய்விடும், ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, தாளைக் கண்டுபிடித்து உரித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். பத்தொன்பது வருடத்தில் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் அதற்கு அவள் எதிரில், "ஒன்று விட்டுவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவள் கிட்டாரில், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

"ஒண்ணு கீழ விழுந்திருக்கும்" என்று சொல்லிக் குனிந்தேன். குப்பைக்கூடையில் வெட்டி எறிந்த ஓரத்துண்டின் நீலத் தாள் ஒன்று கிடந்தது. எடுத்து வெள்ளைப் பலகையில் ஒட்டினேன்.

"பதினொண்ணு" என்றான் ஆர்மாண்ட். கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன்.

அவன் அச்சை நைலான் பையில் மூடி, ஓரங்களை ஒட்டி, பம்பைப் போட்டுக் காற்றை உறிஞ்சினான். பை சுருங்கித் துணியை எல்லாப் பக்கமும் அமுக்கிப் பிடித்துக்கொண்டது. ஓவனில் இருநூற்றைம்பது டிகிரி ஃபாரன்ஹீட் சூடு. கதவு மூடியதும் அந்தப் பத்திரிகைக் காது மறுபடியும் என்னைப் பார்த்தது.

மறுநாள் பலகை வெளியே வந்தது. வெந்த பலகையைச் சோதிப்பதற்கு எங்களிடம் பெரிய இயந்திரம் ஏதும் இல்லை. ஒரு கால் டாலர் நாணயம் போதும். நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், அடுக்குகள் சேர்ந்திருக்கும் இடத்தில் டிக், டிக் என்று கண்ணாடி மாதிரிக் கேட்கும். சேராத இடத்தில் டப் என்று அமுங்கும். டிக், டிக், டிக் என்று போய், குதிரை வரப்போகும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு டப். ஒலித்துளைப் பக்கம் மாட்டியிருந்தால்கூடப் பெரிய மோசமில்லை. குதிரைக்கு நேர் அடியில் மாட்டியிருந்தது. ஆறு கம்பிகளும் சேர்ந்து குதிரையை நூற்றறுபது பவுண்டு பலத்தில் இழுக்கும். ஆர்மாண்டின் எடை அவ்வளவுதான். ஆர்மாண்ட் இரவும் பகலும் ஒரு இடத்தைப் பிடித்துத் தொங்கினால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் ஆகாது. ஐந்தாறு மாதத்தில் குதிரைக்குப் பின்னால் பலகை மெல்ல வீங்கும். பிறகு ஒருநாள் பெயரும்.

சீட்டில், 'சரி' என்று எழுதினேன்.

அந்த ஒரு வாரம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. தேயர் பலகையை உடலோடு ஒட்டினார். ஒடெட் கை படக்கூடாது என்பதால் குதிரையையும் அவரே ஒட்டினார். தினமும் போய்ப் பார்த்தேன். கறுப்பு மெருகுக்கு அடியில் நெசவு முறுக்கு முறுக்காகத் தெரிந்தது, நான் செய்ததிலேயே அழகான பலகை அதுதான். அது பெயரும் நாளை நான் நினைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்தில், எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் மடியில். நினைக்க நன்றாகத்தான் இருந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை. மேசைகளெல்லாம் போய்விட்டன. தேயர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கம்பிப் பொட்டலத்தைப் பிரித்தார். ஆர்மாண்ட் சோரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சியும் ரொட்டியும் வாங்கி வந்திருந்தான். ஒடெட் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி நின்றாள்.

"என் பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் இருக்கும் இது" என்றாள். "யாராவது கேக்கட்டும். இந்தக் குரல் யாரு குடுத்ததுன்னு கேட்டா, கம்பி மாட்டினவ இல்லப்பா, இடலினா பிமென்டல், அவ அடுக்கினதுன்னு சொல்வேன். கடைசிப் பலகை அவளோடதுன்னு சொல்வேன்."

ஆயிரத்து முந்நூற்றுப் பதினொரு நல்ல பலகைக்கும் வராத என் பெயர், ஒரு கெட்ட பலகையின் மேல் வந்து உட்காரப்போகிறது. மண்டபத்தில் அது பெயரும்போது எல்லாரும் கேட்கப்போவதும் என் பெயரைத்தான்.

"கம்பி மாட்டாதீங்க" என்றேன்.

தேயர் நிமிர்ந்தார். "ஏன்?"

"உள்ள தாள் இருக்கு. குதிரைக்கு அடியில."

ஒடெட் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை. "பாத்தீங்களா தேயர்? நான் வீட்ல சொல்லிட்டுத்தான் வந்தேன், இவ கடைசி நிமிஷத்துல ஏதாவது பண்ணுவான்னு. ஆறு வருஷமா அந்தப் பத்திரிகைய முறைச்சிட்டே போறவதான நீ? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா கொமாத்ரே? உனக்கு இல்லன்னா எனக்கும் கூடாது, அவ்ளோதான?"

"நான் பதினொண்ணு எண்ணினேனே" என்றான் ஆர்மாண்ட். "கையெழுத்து இருக்கே."

நான் நாணயத்தை எடுத்துக் குதிரைக்குப் பின்னால் தட்டிக் காட்டினேன். டிக், டிக், டப்.

"அங்க அடியில ஒட்டு இருக்கு, தடிமன் ஜாஸ்தி. அப்படித்தான் கேக்கும்" என்றாள். அவள் காதுக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்காது. கேட்கமாட்டேன் என்று நின்றாள்.

நான் சீட்டுக் கட்டிலிருந்து கவரை எடுத்து, தாள்களைத் தரையில் பரப்பினேன். இதைச் சொல்ல வேண்டும். துணியை வெட்டும்போது தாளோடு சேர்த்துத்தான் வெட்டுகிறோம். அதனால் உரித்த தாள் அந்தத் துண்டின் வடிவத்திலேயே இருக்கும். முழுப் பலகை வடிவில் நான்கு. பிறை வடிவில் நான்கு, அவை ஒலித்துளைக்கு. குதிரைக்கு அடியில் போகும் ஒட்டுகள் மூன்றும் பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். தரையில் பட்டாம்பூச்சி இரண்டுதான் இருந்தது. பதினோராவது, குச்சி மாதிரி நீண்ட ஒரு ஓரத்துண்டு.

ஆர்மாண்ட் மண்டியிட்டுப் பார்த்தான். "நான் எண்ணினேன். என்ன வடிவம்னு பாக்கல" என்றான்.

"குப்பையிலேர்ந்து எடுத்து ஒட்டினேன்" என்றேன் ஒடெட்டிடம். "நீ வாசல்ல நின்னுட்டிருந்த."

ஒடெட் அந்த ஓரத்துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "குளிர வெச்சு உரிச்சிருக்கலாமே. இருபது நிமிஷ வேல."

"ஆமா."

"அந்த இருபது நிமிஷம் என் முன்னாடி நிக்க முடியல உனக்கு."

"முடியல."

தேயர் கம்பிகளைப் பொட்டலத்தில் திரும்பச் சுருட்டி வைத்தார். பழுதான கிட்டார் பட்டறையை விட்டு வெளியே போகாது, வாள் இயந்திரத்தில் இரண்டாக அறுத்துவிடுவோம், அது சட்டம். ஆனால் வாள் இயந்திரத்தை வாங்கியவர் புதன்கிழமையே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். துணியும் இல்லை. தேயர் வெறும் சுவரைப் பார்த்தார்.

"அறுக்க வேண்டாம்" என்றாள் ஒடெட். "இவ எடுத்துட்டுப் போகட்டும்."

"என்ன?" என்றேன்.

"நீதான் வாசிக்கமாட்டியே. கம்பி மாட்டாம இருந்தா இழுவ கிடையாது. இழுவ இல்லன்னா தாள் உள்ள இருந்தா என்ன, இல்லன்னா என்ன? நூறு வருஷம் அப்படியே இருக்கும். நீ ஆசப்பட்டது இதத்தான? சுவத்துல மாட்டி வெச்சு அழகு பாரு." கோட்டை எடுத்துக்கொண்டாள். சோரீசோ அப்படியே இருந்தது. படியிறங்கும் சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது.

அவள் சொன்னதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. இரண்டு மூன்று முறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

கிட்டாரைச் சமையலறைச் சுவரில் மாட்டினேன். நான் இப்போது பக்கத்து ஊரான வாரனில் ஒரு படகுப் பட்டறைக்குத் துணி அடுக்கப் போகிறேன். அவள் பள்ளிக்கூடத்து உணவறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஐந்து வாரம் பேச்சு இல்லை. திருப்பலியில் அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். அவள் நவம்பரில் மண்டபத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய மரக் கிட்டாரில் வாசித்தாளாம். பாட்டுக்குப் பாட்டு சுருதி இறங்கியதாம், இருந்தும் ஒருவர்கூட எழுந்து போகவில்லையாம். எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் இதை ஒரே மாதிரிச் சொன்னார்கள்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை செலெஸ்ட் பாஸ்டனிலிருந்து வந்தாள். ஞானத்தாயைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அவளே போன் போட்டு மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டாள். ஒடெட் இனிப்பு ரொட்டியோடு வந்தாள். சூப்பு முடியும்வரை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. பிறகு யாரையும் கேட்காமல் எழுந்துபோய்க் கிட்டாரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். விரல்முட்டியால் குதிரையைச் சுற்றித் தட்டி, "இங்கதான்" என்றாள். கைப்பையிலிருந்து ஒரு கம்பிப் பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"வேண்டாம்" என்றேன்.

"ஒரே ஒரு மத்தியானம். வாசிச்சிட்டுக் கழட்டிடறேன்."

"பெயர்ந்துடும்."

"இன்னிக்கே பெயராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"நீ தட்டற தட்டுக்கு யாருக்குத் தெரியும்!"

"அம்மா, சும்மா சுவத்துல தொங்கறதுக்கு..." என்று செலெஸ்ட் தொடங்கினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நீ சும்மா இரு" என்றோம்.

கம்பி ஒன்றுக்கு இருபத்தைந்து பவுண்டுக்கு மேல் இழுவை. இரண்டு என்றால் ஐம்பது சொச்சம். மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். "மூணு" என்றேன். "மூணுக்கு மேல கிடையாது."

"ஏன் கொமாத்ரே, காய்கறி வாங்கறியா?"

"மூணு."

அவள் மூன்றை மாட்டி முறுக்கினாள். நான் இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து குதிரைக்குப் பின்னால் நிறுத்திப் பிடித்தேன். நேரான விளிம்பைப் பலகை மேல் வைத்தால், பலகை துளி உயர்ந்தாலும் அடியில் வெளிச்சக் கீற்றின் வடிவம் மாறும். தலையைச் சாய்த்து அந்தக் கீற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாசித்தாள். பாதிப் பாட்டு, நடுவில் ஓட்டை ஓட்டையாக, மேலே தேவையான சுரங்கள் இல்லாமல். ஆனாலும் அது வந்தது. என் கன்னம் பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்த ஒலியில் பாதி ஸ்கேல் வழியாக என் விரலுக்குள் ஏறியது. ஏழு டிகிரி எனக்குத் தெரிந்தது. அந்தச் சாய்வு எங்கே திரும்புகிறது, அவள் விரல் அதை எங்கே பிடித்துக்கொள்கிறது என்பதெல்லாம் தெரிந்தது. அந்த விரல்களை அப்படியே பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இல்லாத சுரம் வர வேண்டிய இடத்தில் அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தாண்டிப் போனாள். இரண்டாவது முறையும் அதே இடத்தில் தாண்டினாள்.

"நிறுத்து" என்றேன்.

"ஏன், தூக்கிடுச்சா?"

கீற்று தலைமயிர் அளவு மாறியிருந்தது. மாறவில்லை என்றும் சொல்லலாம். நான் ஸ்கேலை ஒரு கையால் பிடித்தபடியே மறு கையை நீட்டிப் பொட்டலத்தை அவள் பக்கம் தள்ளினேன்.

"நாலாவதையும் மாட்டு" என்றேன்.